ஈரம் படாத அஞ்சு நிமிஷம்

வாயைத் தொறந்து வச்சுப் படுத்திருக்கேன். உள்ளே ரெண்டு பேரோட கை இருக்கு, ஒண்ணு டாக்டர் நளாயினியோடது, இன்னொண்ணு அவங்ககூட வேலை பார்க்கிற ஸ்டெல்லாவோடது. ஸ்டெல்லா கையில எச்சி இழுக்கிற குழாய். கொர்ர்னு கத்திக்கிட்டே இருக்கு, கன்னத்துச் சதையைப் பிடிச்சு உறிஞ்சுது, விடுது, மறுபடி பிடிக்குது. "சாருக்கு எச்சி ரொம்ப ஊறுது டாக்டர்"ங்கறா ஸ்டெல்லா. ஊறாம? இருபத்தேழு வருஷமா ஒரு நாளைக்கு முந்நூறு கப் டீ. கரண்டியில எடு, சர்ர்னு உறிஞ்சு, நாக்குல புரட்டு, துப்பு, அடுத்த கப். டீ ருசி பார்க்கிறதுதான் என் உத்தியோகம். குன்னூர்ல ஏலத்துக்கு வர்ற தூளுக்கு இந்தத் தெய்வநாயகம் ஒரு வார்த்தை சொன்னாத்தான் விலை. அந்த வாய் இது, ஊறத்தான் செய்யும். ஊறுறதுக்கு ருசி தெரியணும்னு அவசியம் இல்ல போலிருக்கு. ருசி போய் நாலு மாசமாச்சு. உப்பு இல்ல, புளிப்பு இல்ல, கசப்பு இல்ல, வாசனையும் இல்ல. எச்சிக்கு மட்டும் இன்னும் சேதி போகல, பாவம், அது பாட்டுக்கு டயத்துக்கு வேலைக்கு வந்துக்கிட்டிருக்கு, என்னை மாதிரியே. இந்த ஆஸ்பத்திரிக்குக் கீழ வர்க்கி பிஸ்கட் சுடுற பேக்கரி. மாடிப்படி ஏறுறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னு மூச்சை இழுக்கிறாங்க. எனக்கு முன்னால ஏறின ஒரு அம்மா கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, பல்லுவலியோட, "ஆஹா, என்ன வாசனை"ன்னு சொல்லுச்சு. நானும் ஆமாம்மான்னு தலையாட்டினேன். இப்பெல்லாம் நல்லாத் தலையாட்டுறேன்.

"இன்னும் கொஞ்சம் தொறங்க சார்." தொறக்கிறேன். மேல் வரிசையில, இடது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லு. ஈறுகிட்டத் தேஞ்சு பள்ளமாயிருக்கு, பிரஷ்ஷை அழுத்தி அழுத்தித் தேய்ச்சதால வர்றதுன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா பச்சைத் தண்ணி பட்டா ஜிவ்வுனு இழுக்கும். ரெண்டு வருஷமா வராதவன் இன்னைக்கு ஏன் வந்தேன்? அதை அவங்க கேட்கல, கேட்டிருந்தா வலின்னு சொல்லியிருப்பேன். வந்தது பல்லுக்காக இல்ல, சீட்டுக்காக. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் முதல்ல கேட்டேன், நாளைக்குப் பூரா சூடா எதுவும் வாயில வைக்கக்கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க டாக்டர், ஆபீஸ்ல காட்டணும்னு. "அதுக்கென்ன சார், எழுதிடலாம்"னு சிரிச்சாங்க. அவங்களுக்கு அது ஒரு கிறுக்கல். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க ஆபீஸ்ல அஞ்சு கப் வைப்பாங்க. எந்தக் கப்புக்கும் பேரு இருக்காது. அஞ்சுல ஒண்ணு போஜராஜ்ங்கிற டீ மேக்கர் காய வச்ச தூள், புகை வாடைன்னு நான் குத்தம் சொன்னது. இன்னொண்ணு வேணும்னே புகை விட்டது. எது புகை, எது சுத்தம்னு நான் சொல்லணும். எந்த நாக்கு குத்தம் சொல்லுச்சோ அதே நாக்குதான் மறுபடி பார்க்கணும், பக்கத்துல யாரும் நிக்கக்கூடாது, அது எங்க தொழில்ல ஒரு முறை. நாளைக்குப் பார்க்க முடியாமப் போனா? பேச்சு முடிஞ்சது, மூணு வாரத்துக்கு முன்னாடி நான் எழுதினதே நிக்கும், போஜராஜுக்கு வேலை போயிடும். ஆக நான் கேட்டிருக்கிற சீட்டு அதுதான். பல்லு டாக்டர் எழுதினாலும் அந்தச் சீட்டுல போறது பல்லு இல்ல. இதை நினைச்சா எனக்கு என்னமாவது ஆகணும், நெஞ்சு அடைக்கணும், தொண்டை கட்டணும். ஒண்ணும் ஆகல. மேல இருக்கிற லைட்டைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன். லைட்டுக்குள்ள ஒரு பூச்சி செத்துக் கிடக்கு.

"மரத்துப்போறதுக்கு ஊசி போடுவீங்கல்ல?"ன்னு முதல்லயே கேட்டேன். "இதுக்கெல்லாம் ஊசி எதுக்கு சார், ரெண்டு நிமிஷம் கூசும், அவ்வளவுதான்." இல்ல போடுங்கன்னேன். "பயப்படாதீங்க சார், இவ்வளவு பெரிய ஆளு"ன்னு ஸ்டெல்லா கிண்டல் பண்ணினா. ஊசி போட்டா வாய் மரத்துப்போகும். மரத்துப்போன வாய்க்கு ருசி தெரியாதது நியாயம். ஒரு ரெண்டு மணி நேரத்துக்காவது நியாயமா ருசி தெரியாம இருந்திருக்கலாம். அவங்க போடல. இப்ப பள்ளத்துல ஏதோ தண்ணியாத் தடவுறாங்க, பத்து எண்ணுறாங்க, கழுவுறாங்க, காத்தடிக்கிறாங்க. ஜிவ்வுன்னுது. கூச்சம் எல்லாம் நல்லாத் தெரியுது. சூடு தெரியுது, குளிர் தெரியுது, மிளகாய் சுடுது, கட்டாந்துவர்ப்புன்னா நாக்கைப் பிடிச்சு இழுக்கிறது தெரியுது. ருசி மட்டும் இல்ல. ஜூன் மாசம் மழைக்குக் காய்ச்சல் வந்துச்சு, சளி, நாலு நாள் கம்பளியைப் போர்த்திக்கிட்டுக் கிடந்தேன். அஞ்சாம் நாள் கஸ்தூரி ரசஞ்சோறு குடுத்தா, சுடுதண்ணி மாதிரி இறங்குச்சு, காய்ச்சல் வாய்னு நினைச்சேன். பத்து நாளாச்சு, ஒரு மாசமாச்சு. பாத்ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பாகற்காயைப் பச்சையாக் கடிச்சேன். ஐம்பத்தொரு வயசு ஆம்பளை, லுங்கியைக் கட்டிக்கிட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு, பச்சைப் பாகற்காய். வெள்ளரிக்காய் மாதிரி நறுக் நறுக்குன்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது இது போயிடுச்சுன்னு. அழுதிருக்கணுமோ? துப்பிட்டு, வாயைக் கழுவிட்டு, வேலைக்குப் போனேன்.

கஸ்தூரிகிட்டகூடச் சொல்லல. கட்டின பொண்டாட்டிகிட்ட. ஒரு நாள் மத்தியானம் கூட்டு வச்சிருந்தா, ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். அப்புறம் அவ உட்கார்ந்து ஒரு வாய் வச்சுட்டு, தூன்னு துப்பிட்டு ஓடி வந்தா. "ஏங்க, ஊசிப்போயிருக்குங்க, தேங்காய் கெட்டுப்போயிருக்கு, நீங்க ஒண்ணுமே சொல்லலையே!" நான் என்ன சொன்னேன்? "காலையில இருந்து நின்னு சமைச்சே, உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லல"ன்னேன். அவளுக்குக் கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல உப்பு ஒரு கல் குறைஞ்சாத் தட்டைத் தள்ளி வச்சவன் நான், சோத்துல குழைவு பார்த்துச் சண்டை போட்டவன். "இப்பத்தான் நீங்க மனுஷனா ஆயிருக்கீங்க"ன்னு சொன்னா. அவ அக்காவுக்குப் போன் போட்டு அதையே ஒரு தரம் சொன்னா. அன்னைக்கு ராத்திரி எனக்கு வயித்தால போச்சு. அது இருக்கட்டும். இப்ப அவ கைக்கு வந்தபடி சமைக்கிறா, பாட்டுப் பாடிக்கிட்டு, நிம்மதியா. அவளைப் பார்த்தா வெக்கமா இருக்கு. வெக்கம்கூட ரொம்ப இல்ல, ஓரமா, யாரோ அடுத்த ரூம்ல இருமுற மாதிரி.

"ஸ்டெல்லா, பவுடர்." இப்ப சிமெண்டு கலக்கப் போறாங்க. சின்னக் காகிதத்து மேல வெள்ளைத்தூள் ஒரு கரண்டி, பக்கத்துல எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு. சப்பையான குச்சியால மடிச்சு மடிச்சுக் கலக்கிறா. டாக்டர் என் உதட்டைத் தூக்கி உள்ளே பஞ்சு வைக்கிறாங்க, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல உருட்டின பஞ்சு, நாக்குக்குப் பக்கத்துல இன்னொண்ணு. வேலையில இருக்கிறப்ப பேசிக்கிட்டே செய்றவங்க இவங்க, எனக்கு அது பிடிச்சிருக்கு, பதில் சொல்ல வேண்டியதில்ல. "இந்தச் சிமெண்டுக்கு எச்சிதான் சார் எதிரி. வச்சதுல இருந்து அஞ்சு நிமிஷம் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. பட்டா மேல்மாவெல்லாம் கரைஞ்சு சுண்ணாம்பு மாதிரிப் பொடிஞ்சு போயிடும். அதுக்காக ரொம்பக் காயவும் விடக்கூடாது, காஞ்சா வெடிச்சிடும். அதனால இறுகினதும் மேல ஒரு பூச்சு பூசிடுவேன். வெளி ஈரம் உள்ளே போகாது, உள் ஈரம் வெளியே வராது. ஒரு நாள் அது தாங்கிட்டாப் போதும், அப்புறம் சிமெண்டு தன்னைத்தானே பார்த்துக்கும்." நாக்கை அசைக்காதீங்கன்னு சொல்றாங்க. அசைக்கல. அது என்ன வேலை செஞ்சுக்கிட்டிருக்குன்னு நாக்கை அசைக்கப் போறேன்? பள்ளத்துல குளிர்ச்சியா ஏதோ உட்காருது, ஒரு தகட்டை வச்சு அழுத்தி மாட்டுறாங்க. "அஞ்சு நிமிஷம் சார். அப்படியே இருங்க." சுவத்துல கடிகாரம். மூணு இருபது. ஜன்னல் கண்ணாடியில பனி இறங்கி எதிர்க்கடை போர்டு பாதிதான் தெரியுது.

போஜராஜோட தூளைப் பார்த்த அன்னைக்கும் இப்படித்தான் பனி. ருசி பார்க்கிற ரூம்ல ஜன்னல் வடக்குப் பக்கம், நீளமா மேடை, நூத்திருபது கப் வரிசையா. நாலு மாசமா எப்படி ஓட்டுறேன்னு யாராவது கேட்டா, கேட்க மாட்டாங்க, கேட்டாச் சொல்லுவேன், கண்ணால ஓட்டுறேன்னு. ஊறின இலையோட செம்பு நிறம் பார்க்கிறேன், டீயோட மினுக்கம் பார்க்கிறேன், கெட்டியா தண்ணியான்னு நாக்குல எடை தெரியுது, துவர்ப்பு இழுக்குது. இருபத்தேழு வருஷப் பழக்கம், முக்கால்வாசி அதுலயே வந்துடும். வராதது நாத்தம். புகை, பூஞ்சை, புளிச்சது, டீசல் வாடை. அதுக்கு எனக்குப் பிரமிளா. என்கீழ வேலை கத்துக்கிற பொண்ணு, இருபத்தாறு வயசு, மூக்குன்னா மூக்கு, அப்படி ஒரு மூக்கு. எங்க வேலையில பெரியவன் குடிக்காம சின்னவங்க கரண்டியைத் தொடக்கூடாது. நான் அதை மாத்தினேன். "நீ முன்னாடி போம்மா, நான் பின்னாடி வர்றேன், நீ என்ன சொல்றேன்னு பார்ப்போம்"னேன். ஆபீஸே ஆச்சரியப்பட்டுச்சு. தெய்வநாயகம் சாருக்கு எவ்வளவு பெரிய மனசு, தொழிலைத் தூக்கிக் குடுக்கிறாரேன்னு. பிரமிளா பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. அவ குடிக்கிறப்ப நான் அவ மூஞ்சியைத்தான் குடிக்கிறேன்னு அவளுக்குத் தெரியாது. புகைன்னா இடது புருவம் லேசா ஏறும், மூக்கு சுருங்கும். புளிச்சதுன்னா கன்னம் உள்ளே போகும். நல்ல தூள்னா கண்ணை ஒரு தடவை மெல்ல மூடித் தொறப்பா. மூணு மாசத்துல ஒரு தப்பு வரல. அன்னைக்கு நாப்பத்திரெண்டாவது கப்புல புருவம் ஏறுச்சு, மூக்கு நல்லாச் சுருங்குச்சு. நான் பின்னாடியே போய் உறிஞ்சித் துப்பிட்டு, "புகை, எழுது"ன்னேன். அவ பேனாவை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தா. அப்புறம் எழுதினா.

ஒரு வாரம் கழிச்சுச் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன், அன்னைக்கு அந்தப் புகைத்தூள் உனக்கு என்ன தோணுச்சுன்னு. "சத்தியமா எனக்குப் புகையே தெரியல சார். அன்னைக்கு எனக்குக் காலையில இருந்து வயித்துவலி, நிக்கவே முடியல, அதனால தெரியலையோன்னு நினைச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் நாக்கு இன்னும் பழகல." வயித்துவலி. புருவம் ஏறினதும் மூக்கு சுருங்கினதும் வயித்துவலி. நான் அவ வயித்துவலியைப் படிச்சுட்டு ஒருத்தர் காய வச்ச தூளுக்குப் பேரு வச்சுட்டேன். அந்தத் தூள் ஏலத்துல கேட்பார் இல்லாமக் கிடந்து, அடிமாட்டு விலைக்குப் போச்சு. ஃபேக்டரிக்காரர் கொதிச்சு எழுந்து, டீ மேக்கரை வெளியே நிக்க வச்சார். இலையைக் காய வச்சுத் தூளாக்குற வரைக்கும் பொறுப்பு டீ மேக்கரோடது, அடுப்புல ஈர விறகைப் போட்டுப் புகையவிட்டது போஜராஜ்தான்னு முடிவு பண்ணிட்டார். "ரெண்டு நிமிஷம் போயிருக்கு சார், நல்லா இருக்கீங்க"ங்கறாங்க டாக்டர். ரெண்டுதானா? கடிகாரம் மூணு இருபத்திரெண்டு. குழாய் கொர்ர்ங்குது. ஸ்டெல்லா குழாயை என் உதட்டுல மாட்டிட்டு, சுவத்து ஓரம் அலமாரியைத் தொறந்து என்னமோ தேடுறா. நல்லா இருக்கேனாம்.

போஜராஜ் என்னைப் பார்க்க வந்தார். போன திங்கக்கிழமை, ஆபீஸ் வாசல்ல, கம்பளித் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு. எனக்கு அஞ்சாறு வயசு மூத்தவரா இருக்கும், கண்ணுல அடுப்புப் பக்கம் நின்ன சிவப்பு. சண்டைக்கு வர்றார்னு நினைச்சேன், வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "சார், பத்தொம்பது வருஷமா அந்த அடுப்புப் பக்கத்துலதான் இருக்கேன். ஈர விறகு ஒண்ணு போட்டதில்ல. புகை வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும், தூக்கத்துலகூட எழுந்திருப்பேன்"னார். மறுபடி அவரே சொன்னார். "ஆனா நீங்க சொல்லியிருக்கீங்க. உங்க நாக்கு தப்புச் சொல்லாதுன்னு மலையில எல்லாருக்கும் தெரியும். அப்ப என் மூக்குதான் போயிடுச்சோ என்னமோ. வயசாச்சில்ல." சொல்லிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார், சொன்னா நம்ப மாட்டீங்க, விரலால தொட்டுப் பார்த்தார், இருக்கான்னு. "மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன் சார். அப்பவும் புகைன்னு வந்தா, நானே சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன். கெட்டுப்போன மூக்கை வச்சுக்கிட்டு அந்த வேலை செய்யக்கூடாதில்ல. அது பாவம்." அது பாவம்னு என்கிட்டச் சொன்னார். என் மூஞ்சிக்கு நேரா. நான் சொன்னது ஒரே வார்த்தை: "பார்க்கலாம்." அவர் கும்பிட்டுட்டு இறங்கிப் போனார். ஒண்ணு இல்ல, ரெண்டு பேரு ஆச்சு. நல்ல நாக்கு உள்ள பொண்ணு தன் நாக்கைச் சந்தேகப்படுது, நல்ல மூக்கு உள்ள மனுஷன் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார், கெட்டுப்போனவன் நான் மட்டும் பெரிய மனுஷனாட்டம் கரண்டியை ஆட்டிக்கிட்டு இருக்கேன்.

சொல்லிட்டா என்ன ஆகும்? அந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்னுடுது, கிழிஞ்ச சட்டை ஆணியில மாட்டுற மாதிரி. எடுத்துட்டுத் திரும்ப முதல்ல இருந்து வர்றேன். காய்ச்சல், பாகற்காய், கூட்டு, புருவம், தொப்பி, மறுபடி ஆணி. சொல்லிட்டா முதலாளி என்ன பண்ணுவார், நாலு மாசமா நான் விலை சொன்ன தூளெல்லாம் என்னாச்சுன்னு கேட்பார். மலையில இருக்கிற அத்தனை ஃபேக்டரியும் கேட்கும். ருசி பார்க்கிறவனுக்கு வேற என்ன தெரியும்? கணக்கு எழுதத் தெரியாது, வண்டி ஓட்டத் தெரியாது. நாக்கை எடுத்துட்டா மீதி என்ன இருக்கு என்கிட்ட, ஒரு தொப்பையும் ஒரு மூக்குக்கண்ணாடியும். பயமா இருக்கு. இது மட்டும் தெரியுது, இந்தப் பயம். சரி, சொல்லாம அஞ்சு கப்புலயும் புகை இல்லன்னு சொல்லிட்டா போஜராஜ் தப்பிச்சுப்பாரேன்னு நினைச்சேன், ரெண்டு நாள் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன், ஆனா புகை விட்டது ஒண்ணு உள்ளே வைக்கிறாங்களே, அதைக் கோட்டை விட்டா மாட்டிக்குவேன். குருட்டாம்போக்குல ஒண்ணைக் கைகாட்டினா, அது போஜராஜுதா இருந்தா? அதுக்குச் சீட்டு மேல். சீட்டுன்னா நான் எதுவும் செய்யல. பல்லு செஞ்சுது. டாக்டர் செஞ்சாங்க. தேதி தவறிப்போச்சு, முறைப்படி முடிஞ்சுபோச்சு, அவர் விதி. கஸ்தூரி சொல்ற மாதிரி, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. தலை யாருது, தலைப்பாகை யாருது? அலமாரிப் பக்கம் ஏதோ மெதுவாப் பேசிக்கிறாங்க. "மூடியை யாரு சரியா மூடல?" "நேத்து மூடினேன் டாக்டர், சத்தியமா." "பாரு, பாகு மாதிரி ஆயிடுச்சு." ஸ்டெல்லா ஒரு சின்ன பாட்டிலைக் கவுத்துக் கவுத்துப் பார்க்கிறா. எனக்கு என்ன அதைப் பத்தி. சீட்டுல தேதி நாளைக்குப் போடணும்னு சொல்லணும், இன்னைக்குப் போட்டுடப் போறாங்க. அவருக்குப் பிள்ளைங்க எத்தனைன்னுகூட நான் கேட்கல. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமே. பத்தொம்பது வருஷம் ஒரே வீடு.

"ஆச்சு சார். அஞ்சு நிமிஷம் முடிஞ்சுது." டாக்டர் தகட்டை எடுக்கிறாங்க, டொக்குன்னு வந்துடுது. "அருமையா உட்கார்ந்திருக்கு. இப்ப உடனே மேல பூச்சு, விட்டா எச்சி பட்டுடும். ஸ்டெல்லா, பஞ்சு பார்த்துக்கோ." பூச்சு. இதுக்கு எங்க பக்கத்து வீட்டு மாமா ஒரு தடவை வந்துட்டுப் போய் ரெண்டு நாள் திட்டித் தீர்த்தார், வார்னிஷாம் அது, வேப்பெண்ணெயே தேவலாம், நாக்குல பட்டு உயிரே போச்சுன்னு. நாக்குல பட்டா உயிர் போகணும். எனக்கும் போகணும். இந்த டாக்டருக்கு நான் யாருன்னு தெரியும், உள்ளே வந்ததுமே சொன்னாங்க, உங்க நாக்கு பத்தி எங்கப்பா நிறைய சொல்லியிருக்கார்னு. மலையிலயே பெரிய நாக்கு சப்புனு கிடந்தா என்ன நினைப்பாங்க? ஒரு சின்ன குச்சியோட நுனி வருது, ஈறு ஓரமா வழுக்கிக்கிட்டு ஏதோ பரவுது, கொஞ்சம் வழிஞ்சு நாக்கு நுனியில படுது. பட்டதும் நான் செஞ்சேன். பிரமிளாகிட்ட நாலு மாசம் பாடம் படிச்சதெல்லாம் ஒண்ணாச் சேர்த்துச் செஞ்சேன். புருவத்தை ஏத்தினேன், மூக்கைச் சுருக்கினேன், கண்ணை இறுக்கி மூடினேன், கையால நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். "அப்பப்பா, என்ன கசப்பு"ன்னு பஞ்சுக்கு நடுவுலயே முனகினேன். நல்லாவே வந்துச்சு. கண்ணோரம் தண்ணிகூட வந்துடுச்சுன்னா பார்த்துக்கோங்க.

கண்ணைத் தொறந்தா டாக்டர் கை அந்தரத்துல நிக்குது. ஸ்டெல்லா டாக்டரைப் பார்க்கிறா. டாக்டர் குச்சியைப் பார்க்கிறாங்க, என்னைப் பார்க்கிறாங்க.

"சார், இது வார்னிஷ் இல்ல. வார்னிஷ் பாட்டில் கெட்டியாயிடுச்சு. இது வெறும் வாசலின். இதுக்கு ருசியே கிடையாது."

ஸ்டெல்லா சிரிக்கப் பார்த்தா, டாக்டர் மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. குழாய் மட்டும் கன்னத்துல தொங்கிக்கிட்டு கொர்ர்ங்குது. வியர்க்குது எனக்கு, குன்னூர்ல, அக்டோபர் மாசத்துல. ஒண்ணு சொல்லலாம், கிண்டல் பண்ணினேன்னு சொல்லலாம், பயத்துலன்னு சொல்லலாம், வாசலினே கெட்டுப்போயிருக்குன்னு சொல்லலாம், நான் சொன்னா நம்புவாங்க, மலையே நம்புது. வாய் தொறந்துதான் இருக்கு.

டாக்டர் கையுறையைக் கழட்டி வச்சாங்க. ஸ்டூலை இழுத்துப் பக்கத்துல உட்கார்ந்தாங்க. குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா சார்?"னு கேட்டாங்க.

நாலு மாசம்னு சொல்லணும். கேட்டது அதுதான். ஆனா என் வாயில வந்தது வேற. "புகை இல்ல டாக்டர். அன்னைக்கு அந்தத் தூள்ல புகையே இல்ல. போஜராஜ் மேல தப்பில்ல. எனக்கு நாக்கு செத்துப்போச்சு, நான் அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டேன்." உள்ளே ரெண்டு பஞ்சு, ஒரு குழாய். எனக்கே அது குழ குழன்னு கேட்டுச்சு.

"ஒண்ணுமே புரியல சார்"னாங்க டாக்டர். "பூச்சு போட்டாச்சு, இனி ஈரம் பட்டாப் பரவாயில்ல. பஞ்சை எடுத்துட்டுச் சொல்லுங்க."

புரியலையாம். இப்பவும் எழுந்து போயிடலாம். கைக்குட்டையால வாயைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணுமில்ல டாக்டர்னு சொல்லி, சீட்டை வாங்கிக்கிட்டு, படி இறங்கிப் போயிடலாம். ஸ்டெல்லா குழாயை நிறுத்தினா. நான் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு பஞ்சையும் என் கையாலயே எடுத்துத் தட்டுல போட்டேன். அப்புறம் முதல்ல இருந்து சொன்னேன், இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிற மாதிரி.